குவார்ட்ஸ் என்று நான் எழுதிய கல்

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது என்று சொல்லி, ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய டார்ச் லைட் அளவுதான் இருக்கும். கல்லின் மேல் வைத்து விசையை அழுத்தினால் உள்ளிருந்து லேசர் ஒளி பாயும்; திரையில் கனிமத்தின் பெயர் வந்து நிற்கும். நான் முப்பத்துநான்கு வருடம் முதுகு ஒடியச் செய்த வேலையை அது நாலு தும்மல் போடும் நேரத்தில் முடித்துவிடுகிறது. அதற்குச் சந்தனம் தடவி மாலை போட்டிருந்தார்கள். என் பணி நிறைவு நாளில் எனக்குப் போட்ட மாலையை விட அது பெரிய மாலை. பொறாமை எல்லாம் இல்லை, கண்ணில் பட்டது, சொல்கிறேன்.

கூட்டம் கலைந்ததும் இளைய அதிகாரிகள் இரண்டு பேர் என்னை ஓரம்கட்டினார்கள். ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம்.

“‘நான் பார்த்த அரிய கனிமங்கள்’னு தலைப்பு வச்சுக்கலாம் பாய். ஒரு பத்துக் கனிமம் போதும். படத்த நாங்களே நெட்டுல எடுத்துக்கிறோம்.”

நான் பார்க்காத கனிமத்துக்கு அவர்கள் எடுக்காத படம். மலர் நன்றாகத்தான் வரும். ஆனால் உண்மையிலேயே அரிய கனிமம் என்று என் கைக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். அதை நான் என்ன செய்தேன் என்பதை இந்த மாதம்வரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் வேலை கல்லைச் சீவுவது. அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் உத்தமபாளையத்தில் சொந்தக்காரர்களிடம் ‘மைன்ஸ் டிபார்ட்மென்ட்’ என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தேன். அது வினையாகப் போயிற்று. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பிரியாணி வருவதற்குள் யாராவது ஒரு மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

“வைரமெல்லாம் கையில எடுத்துப் பாத்திருப்பீகளே மச்சான்?”

“தெனமும் பாக்குறேன். கல்லு அறுக்குற தகட்டுல ஓரம் பூரா அதத்தான் தூளாக்கிப் பதிச்சிருக்காக.”

மச்சான் சிரிப்பார். நான் எதையோ மறைக்கிறேன் என்று முடிவுகட்டிக்கொண்டு எழுந்துபோவார். உண்மை என்னவென்றால், வைரம் அரிய பொருளே இல்லை. மதுரையில் ஒரு தெரு நீளத்துக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டு விற்கிற சரக்கை எப்படி அரிது என்பது? நிஜமாகவே அரிதான கனிமம் கடைக்கு வராது. மோதிரத்தில் வைக்கிற அளவுக்கு அது உலகத்திலேயே இருக்காது. சிலது மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டிக்குக் காணாது.

இது புரியாதவர்கள் மச்சான்கள் மட்டும் இல்லை. அலுவலகப் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய செப்புக் கலசத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் அரிசியை வைத்தால் கலசம் இழுக்குமாம். உள்ளே இரிடியம் இருக்கிறதாம். டெல்லியிலிருந்து ஆள் வரப்போகிறாராம். நாங்கள் சீல் குத்திக் கொடுத்தால் போதுமாம். அரிசியை இழுப்பதற்கு எங்கள் வீட்டில் ஏழு பேர் இருக்கிறோம், கலசம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவேன். கோபித்துக்கொண்டு போவார்கள். போனவர்கள் அடுத்த மாதம் வேறு கலசத்தோடு வருவார்கள்.

வேலை கற்றுக்கொண்ட கதை சுருக்கமானது. முதல் இரண்டு வருடம் உடைத்தேன். மூன்றாம் வருடம் குறைவாக உடைத்தேன். நாலாம் வருடம் என்னைத் தேனிக்கு அனுப்பினார்கள். எங்கள் கிளை அலுவலகம் ஒரு மிளகாய் வத்தல் மண்டிக்கு மேலே வாடகை மாடியில் இருந்தது. கீழே மூட்டை பிரிக்கும்போதெல்லாம் மேலே நாங்கள் வரிசையாகத் தும்முவோம். தலைமுடியில் பாதிக் கனத்துக்குக் கல்லைத் தேய்க்கிற ஆய்வுக்கூடத்தை அங்கே கொண்டுபோய் வைத்த மகானை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக வந்தவர் எஸ்தர் மேடம். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் எல்லாரும் கடையில் உட்கார, இவர் மட்டும் நிலவியல் படித்துவிட்டு மலையடிவாரத்தில் குடை பிடித்துக்கொண்டு கல் தட்டிக்கொண்டிருந்தார். குரல் உயர்த்த மாட்டார், மேஜையைத் தட்ட மாட்டார். அவரிடம் போய் ஒரு கனிமத்தின் பெயரைச் சொன்னால் பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“வேற என்னவா இருக்கலாம்?”

பதில் சொன்னால் மறுபடியும் அதே கேள்வி. மூன்று தடவை கேட்பார். மூன்றாவது தடவைக்குள் நமக்கே நம் பெயரில் சந்தேகம் வந்துவிடும். இரண்டு பெரிய அதிகாரிகள் இந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் சின்ன ஆள், போக இடமில்லை, தாங்கிக்கொண்டேன். போகப்போக அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தும்விட்டது.

கனிமம் ஏன் அரிதாகிறது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். சிலதுக்கு வேண்டிய சரக்கே பூமியில் கொஞ்சம். சிலதுக்குச் சரக்கு நிறைய உண்டு, ஆனால் ஒன்றையொன்று சந்திக்காது. சந்தித்தாலும் வேண்டிய சூடும் அழுத்தமும் கூடிவராது. சிலது பிறந்து முதல் மழையிலேயே கரைந்துபோகும். சிலது வெளிச்சம் பட்டால் பொடியாகும். சிலது எங்கேயோ தாராளமாகவே இருக்கும், ஆனால் மனிதன் போய்ப் பார்க்க முடியாத ஆழத்தில் இருக்கும். அது அரிதா, நாம்தான் அங்கே போகவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

அவர் எங்கள் பக்கத்து மலையில் தேடிக்கொண்டிருந்தது கார்னெரூபின் என்ற ஒன்றை. இருமல் மருந்து மாதிரிப் பெயர். அதற்குப் போரான் வேண்டும். நம் மலையடிவாரத்துக் கல்லெல்லாம் ஒரு காலத்தில் பூமிக்குள்ளே ஆழத்தில் கடும் சூட்டில் வெந்த கல். போரானோ சூடு ஏற ஏறத் தண்ணீரோடு சேர்ந்து ஓடிவிடுகிற ஜாதி.

“கற்பூரத்த ஒலைப்பானையில போட்டு அரிசியும் போட்டா, சோறு வேகுற வரைக்கும் கற்பூரம் இருக்குமா பாய்?”

“இருக்காது மேடம்.”

“அது இருந்துச்சுன்னா அந்தப் பானையில என்னமோ விசேஷம் இருக்குன்னுதான அர்த்தம்? அதத்தான் தேடுறேன்.”

பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். தேவாரத்திலிருந்து கோம்பை வரைக்கும் அவர் குடை போகாத ஓடை கிடையாது. இந்த மலையில் அது இருக்கும் என்று ஒரு கூட்டத்தில் கட்டுரை படித்து, பெரிய இடத்து ஆட்கள் சிரித்தும் இருக்கிறார்கள். சிரித்தவர்கள் பெயர் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு தடவைகூட அவர்களைப் பற்றித் தப்பாகப் பேசியதில்லை. கல் கிடைத்தால் போதும் என்பார்.

இனி என் வேலையைச் சொல்ல வேண்டும், அது தெரிந்தால்தான் நான் செய்த காரியம் புரியும். கல்லிலிருந்து ஒரு சில்லை வைரத்தகட்டில் அறுத்து எடுப்போம். ஒரு முகத்தைச் சமமாகத் தேய்த்து, ஹாட் பிளேட்டில் வைத்துச் சூடாக்கி, பசை தடவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுவோம். அதுதான் ஸ்லைடு. அப்புறம் மறு முகத்தைத் தேய்க்க வேண்டும். தடித்த கண்ணாடிப் பலகையில் கார்பொரண்டம் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஸ்லைடை இரண்டு விரலால் அழுத்தி எட்டுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பொடி நைசாக நைசாக எட்டும் மெதுவாகும். தலைமுடியில் பாதிக்கும் குறைவான கனத்துக்கு வரும்போது கல்லுக்குள் வெளிச்சம் போகும். கருங்கல் கண்ணாடி மாதிரித் தெரியும். 

கனம் சரியா என்று எப்படித் தெரியும்? அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. குவார்ட்ஸ்தான் அளவுகோல். அநேகமாக எல்லாக் கல்லிலும் அது இருக்கும். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடுக்கு மேலும் கீழும் ஒளி வடிகட்டி வைத்துப் பார்த்தால், கனம் அதிகமாக இருக்கும்போது குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரியும். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் வெளுத்துச் சாம்பலாகும். சாம்பல் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். மேலே மூடிக் கண்ணாடி ஒட்டினால் செக்‌ஷன் தயார். மூடி போடாதவரைக்கும் எல்லாக் கனிமமும் சொரசொரப்பாக ஒரே மாதிரித்தான் தெரியும். மூடி போட்ட பிறகுதான் எது தட்டையாக உட்கார்ந்திருக்கிறது, எது எழும்பி நிற்கிறது என்று தெரியும். அதனால் மூடி போடாத செக்‌ஷனைப் பார்த்துப் பெயர் சொல்லக் கூடாது என்பது மேடத்தின் சட்டம்.

ஒரு வியாழக்கிழமை. மேடம் முதல்நாள்தான் ஒரு கூட்டத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தார். கோம்பைக்காரர் ஒருத்தர் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு படியேறி வந்தார். கலசம் என்று நினைத்து அரிசி வசனத்தை எடுத்துவிடத் தயாரானேன். உள்ளே இருந்தது கல். இரண்டு கை கொள்ளும் அளவு, உடைந்த சோடா பாட்டில் மாதிரிக் கரும்பச்சை.

அவர் பெயர் சின்னச்சாமி. மலையடிவாரத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம். கிணறு வற்றிப்போய், ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். நாற்பது அடியில் அடித்தரையில் ஒரு கட்டில் அளவுக்கு இந்தப் பச்சைக் கல் வந்திருக்கிறது. அதைப் பார்த்த கம்பத்துத் தரகர் ஒருத்தர், இது மரகதத்தின் தாய்க்கல், கீழே தோண்டினால் குழந்தைக் கற்கள் இருக்கும், வெடி வைத்தால் எல்லாம் நொறுங்கிவிடும், நிறுத்து என்று சொல்லிவிட்டார். கல்லுக்குப் பிரசவம் பார்க்கிற தரகரை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

“வீட்டுல என்ன சொல்றாக?” என்று கேட்டேன்.

“அவளா? மரகதத்தக் கரைச்சுக் கொடிக்கு ஊத்துவியான்னு கேக்குறா. எல ஓரமெல்லாம் கருகிப்போச்சு பாய். திங்கக்கெழம வெடிக்குக் குழி போடுற கம்ப்ரசர் வண்டி வருது. அத விட்டா தேவாரம் பக்கம் போயிரும், திரும்பி வர ஒரு மாசமாகும். ஒரு மாசம் கொடி தாங்காது. அதுக்குள்ள நீங்க இது என்ன கல்லுன்னு சொல்லிப்புடணும். சாதாரணக் கல்லுன்னா வெடி வச்சிருவேன்.”

கல்லைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். கவர்மென்ட்டிடம் கொடுத்த கல் திரும்பி வருமா என்று அவர் என்னையே கேட்டார். நேர்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் கல்லை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அதன் மூலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சில் பெயர்த்தேன். அந்தச் சில்லுக்கும் ரசீது கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து தேய்க்க உட்கார்ந்தேன். சில் சின்னது, இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. முதல் பொடி, இரண்டாம் பொடி, எடுத்துப் பார்த்தால் நிறைய மணிகள் மஞ்சளாகத் தெரிந்தன. குவார்ட்ஸ் மஞ்சளாக இருந்தால் கனம் அதிகம். தேய்த்தேன். இன்னும் மஞ்சள். தேய்த்தேன். ஓரத்தில் இருந்த மைக்கா உதிர ஆரம்பித்தது. அதுவே போதுமான எச்சரிக்கை. மைக்கா உதிர்ந்தால் கை மீறிவிட்டது என்று முதல் வருடப் பையனுக்கும் தெரியும். ஆனால் சட்டம் சட்டம்தானே, சாம்பல் வரும்வரை தேய்க்க வேண்டும். ஒருவழியாகச் சாம்பல் வந்தது. சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து போன் வந்தது. காலையில் நானே கூப்பிட்டுக் கோம்பைக் கல்லைப் பற்றிச் சொல்லியிருந்ததால், மேடம் கூட்டத்துக்கு நடுவில் எழுந்து வந்து பேசினார்.

“செக்‌ஷன் போட்டாச்சா பாய்?”

“போட்டாச்சு மேடம். கொஞ்சம் மைக்கா, மிச்சமெல்லாம் வெள்ளையா குவார்ட்ஸ்.”

 குவார்ட்ஸ் நிறைந்த கல்லில் அவர் தேடுகிற கனிமம் வருவது ரொம்ப அபூர்வம். அது எனக்கும் தெரியும்.

“வேற என்னவா இருக்கலாம்?”

“சாம்பல் கலரு வந்துருச்சு மேடம்.”

“வேற என்னவா இருக்கலாம் பாய்?”

“வேற ஒண்ணுமா இருக்காது.”

“மூடி போட்டுப் பாத்தீகளா?”

“பாத்தேன் மேடம்.”

மூடி அப்போது டப்பாவுக்குள் இருந்தது. சின்னப் பொய்தான். நாலு வருடம் பழகிய கண்ணுக்கு மூடி எதற்கு என்கிற திமிர். சின்னச்சாமிக்கு ஒரு நல்ல சேதியை வேகமாகச் சொல்ல வேண்டும் என்கிற அவசரமும் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் திமிர்தான் அதிகம். மேடம், “சரி, அப்ப அவுகளத் தோண்டச் சொல்லிருங்க” என்று வைத்துவிட்டார். கோம்பை டீக்கடைக்குப் போன் போட்டுச் சேதி சொன்னேன். பதிவேட்டில் ‘குவார்ட்ஸ்’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் நான் மட்டும்தான். செக்‌ஷனுக்கு மூடிக் கண்ணாடி ஒட்டி, ஒரு சடங்குக்காக மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குவார்ட்ஸ் என்றால் தட்டையாக, இருக்கிற இடமே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். இது எழும்பி நின்றது. மணிக்குள் கீறல் கீறலாகக் கோடுகள் ஒழுங்காக ஓடின. குவார்ட்ஸுக்கு அப்படிக் கோடு கிடையாது. ஒரு மூலையில் மட்டும் நான் தேய்த்தது பற்றாமல் கொஞ்சம் கனமாக இருந்தது. அங்கே மேல் வடிகட்டியை விலக்கி, ஸ்லைடு வைத்த மேடையைத் திருப்பினால் வெள்ளை மெல்லப் பச்சையாகி, மறுபடி வெள்ளையாயிற்று. வடிகட்டி இல்லாமல் குவார்ட்ஸ் எந்தக் காலத்திலும் இப்படி நிறம் மாறாது.

இந்த அடையாளம் எல்லாம் கார்னெரூபினுக்கு என்று மேடம் சொல்லித்தந்தவை. அந்தக் கல்லில் குவார்ட்ஸே இல்லை. குவார்ட்ஸ் இல்லாததால்தான் அந்தக் கனிமம் அங்கே பிறந்திருக்கிறது. சரியான கனத்திலேயே மஞ்சளாகத் தெரிவது அதன் இயல்பு. நான் அதைத் தடித்த குவார்ட்ஸ் என்று நினைத்து, சாம்பல் வரட்டும் என்று தேய்த்துத் தேய்த்து, மேடம் பதினோரு வருடம் தேடியதில் பாதியைப் பொடியோடு வாளியில் கழுவி ஊற்றியிருக்கிறேன். வத்தல் மண்டியின் சாக்கடையில் கார்னெரூபின். அந்தச் சாக்கடைக்கு அப்படி ஒரு பெருமை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் வராது.

போன் பக்கத்திலேயே இருந்தது. ரிசீவரை எடுத்தேன், வைத்தேன். கூப்பிட்டால் என்ன சொல்வது? மூடி போடவில்லை, போட்டதாகச் சொன்னேன், மைக்கா உதிர்ந்தும் நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் திட்டு வராது என்பதுதான் பயம். திட்டுகிறவர்களிடம் உண்மையைச் சொல்வது சுலபம். அன்று முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கோம்பைக்கு பஸ் ஏறினேன். கிணற்றில் இறங்கி ஒரு கை அள்ளிக்கொண்டாவது வந்துவிட வேண்டும் என்று முடிவு. தோட்டத்தில் கம்ப்ரசர் வண்டி ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. பந்தலில் கொடி சுருண்டு தொங்கியது. சின்னச்சாமி டீசல் வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி பவுன்தாயி வரப்பில் நின்றிருந்தார்.

“வாங்க பாய். லீவு நாள்ல இங்கன எங்க? கல்லு விசயமா? அதத்தான் சாதாரணக் கல்லுன்னு சொல்லிப்புட்டீகளே. புண்ணியமாப் போகும். இவரு கோவத்துல அதக் கெணத்துக்குள்ளயே வீசிட்டாரு.”

கிணற்றுக்குள் இறங்க வேண்டும் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் தரகர் வருவார், சின்னச்சாமி மறுபடி நிறுத்துவார், அந்த அம்மாவின் கொடி காயும், மேடத்துக்குத் தெரியும், என் வேலையே பொய் என்று ஆகும். இதில் எந்தக் காரணம் முதலில் வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். கொடியைக் கடைசியில்தான் நினைத்தேன்.

“இல்லத்தா, சும்மாதான். கோம்ப நாய்க்குட்டி ஒண்ணு கெடைக்குமான்னு…”

வாயில் வந்தது அதுதான். பவுன்தாயிக்கு ரொம்பச் சந்தோஷம். அவர் தம்பி வீட்டில் போன வாரம்தான் குட்டி போட்டிருந்ததாம். நன்றிக்கடனுக்கு ஒன்றைப் பிடித்து, கூடையில் வைத்து, நான் மறுக்க மறுக்கக் கையில் திணித்து பஸ் ஏற்றிவிட்டார். உலகத்தில் ஒரு சில இடத்தில் மட்டும் கிடைக்கிற கனிமத்தை எடுத்துவரப் போனவன் நாய்க்குட்டியோடு வீட்டுக்கு வந்தேன். தொழுகை நடக்கிற வீட்டில் நாயா என்று என் மனைவி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. கடைசியில் வத்தல் மண்டிக்காரர் வாங்கிக்கொண்டார். அது பெரிதாகி மண்டிக்கு வருகிற எல்லாரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்துக் குரைக்கும். அதற்கு விஷயம் தெரியும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

திங்கட்கிழமை வெடி வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை மேடம் வந்தார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“அந்தக் கோம்ப செக்‌ஷன எடுங்க பாய், ஒரு தடவ பாத்துருவோம்.”

“ஒடஞ்சிருச்சு மேடம்.”

செக்‌ஷன் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. மேடம் பதிவேட்டைத் திறந்து என் அழகான கையெழுத்தைப் பார்த்தார். “சரி, விடுங்க. சின்னச் சில்லுன்னு சொன்னீக, ஒடையத்தான் செய்யும்” என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். 

மூன்று வாரம் கழித்து, சின்னச்சாமியின் கிணற்றில் அறுபது அடியில் நல்ல தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகுதான் அங்கே திரும்பப் போகத் தைரியம் வந்தது. வெடித்து மேலே எடுத்த கல்லையெல்லாம் வண்டிப்பாதையில் கொட்டி, டிராக்டர் ஓட்டி நசுக்கி, மேலே செம்மண் போட்டிருந்தார்கள். கீழே கிணறு இருபது அடிக்குத் தண்ணீரோடு நின்றது. சுற்றுவட்டாரத்தில் அந்தப் பச்சைக் கல் வேறு எங்கும் எட்டிப்பார்க்கவில்லை. வரிசையாகப் பல ஞாயிற்றுக்கிழமை போய் லென்ஸை வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் குனிந்து நடந்தேன். ஒரு பொட்டுக்கூடக் கிடைக்கவில்லை. பவுன்தாயி ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு திராட்சை கொடுத்து, நாய் சௌக்கியமா என்று கேட்பார்.

எஸ்தர் மேடம் ஓய்வு பெறும்வரை தேடினார், கிடைக்கவில்லை. அவருடைய பிரிவு உபசார விழாவில் நன்றியுரை நான்தான். கண்ணீர் விட்டேன். என்ன விசுவாசம் பார் என்றார்கள்.

இப்போது புது மெஷினுக்கு மாலை போட்ட அன்று, கட்டுரை கேட்ட பிள்ளைகள் காப்பி குடிக்கப் போன நேரம், சட்டைப் பையிலிருந்து அந்தச் செக்‌ஷனை எடுத்து மெஷினுக்கு அடியில் வைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அன்று கொண்டுபோயிருந்தேன். அந்தக் கனமான மூலையில் ஒளி பட்டது. திரையில் பெயர் வந்தது. எனக்குத் தெரிந்த பெயர்தான். திரையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நேரே போடிக்கு பஸ் ஏறினேன்.

மேடம் இப்போது குடும்பத்து ஏலக்காய்க் கடைக்கு மேலேயே இருக்கிறார். கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். செக்‌ஷனை மேஜையில் வைத்து, செல்போன் படத்தைக் காட்டி, மூடி போடாததிலிருந்து நாய்க்குட்டி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் செக்‌ஷனை ஜன்னல் பக்கம் பிடித்து லென்ஸில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒடஞ்சிருச்சுன்னு சொன்னீகளே.”

“பொய் சொன்னேன் மேடம்.”

அவர் மறுபடியும் லென்ஸில் குனிந்தார். எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த சமாதானத்தை எடுத்து நீட்டினேன்.

“அந்தக் குடும்பத்துக்குத் தண்ணி வேணும்ல மேடம். நான் சொல்லியிருந்தா கெணத்த நிறுத்தியிருப்போம். கொடி பூரா காஞ்சிருக்கும்.”

“யாரு நிறுத்தச் சொன்னா?” மேடம் லென்ஸைக் கீழே வைத்தார். “எனக்கு ஒரு கூடைக் கல்லு போதும் பாய். செவ்வாக்கெழம நீங்க வாயத் தொறந்திருந்தாக்கூட, வெடிச்சு மேல கெடந்ததுலயே பொறுக்கியிருப்பேன். அவுக தண்ணிய அவுக எடுத்திருப்பாக. என் கல்ல நான் எடுத்திருப்பேன்.”

 அழுகைதான் வந்தது, அழுதேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புதுச் சீட்டும் பென்சிலும் எடுத்தார். செக்‌ஷனில் ‘குவார்ட்ஸ்’ என்று எழுதி நான் ஒட்டியிருந்த பழைய சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, புதுச் சீட்டை ஒட்டி, பென்சிலை என் பக்கம் தள்ளினார்.

“எழுதுங்க. ஒங்க கையெழுத்துதான் நல்லாருக்கும்.”

கனிமம் என்ற இடத்தில் கார்னெரூபின் என்று எழுதினேன். இடம் என்ற கோட்டில் கோம்பை என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில், அவர் சொல்லாமலே, ‘இப்போது இல்லை’ என்று சேர்த்தேன்.